சதுரக் கட்டையில் கிண்ணம்: மூன்று கட்டையும் ஒரு கறுத்த நகமும்

போன தை மாதம் வீட்டு வேலியில் நின்ற பூவரசை வெட்ட வேண்டி வந்தது. அதன் வேர் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைத் தேடிப் போய்விட்டது. சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரம். வெட்டியவர் தூரை விறகுக்குக் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. தூரில் இரண்டரை அங்குலக் கனத்துக்கு நாலு துண்டு அறுத்து வைத்துக்கொண்டேன். உள்ளே வைரம் சாக்லேட் நிறத்தில், சுற்றிலும் வெளிறு வெண்ணெய் நிறத்தில். ஹவாய் தீவுகளில் இதே பூவரசை மிலோ என்று சொல்கிறார்கள். சாப்பாட்டுக் கிண்ணம் கடைய அங்கே பழங்காலம் முதல் பேர்போன மரம் அது. நம் ஊரில் வண்டிச் சக்கரத்துக்குப் போனது, இப்போது அடுப்புக்குப் போகிறது.

நான் எலக்ட்ரீசியன். கடைசல் பரம்பரைத் தொழில் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் கட்டில் கால் கடைந்த ஒருவரிடம் பழையதாக வாங்கிய மர லேத் (மரத்தைச் சுழற்றிக் கடைகிற இயந்திரம்), அவ்வளவுதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார், மூன்று படிப் புல்லி; நிமிடத்துக்கு 600, 1100, 1800 சுற்று என்று மூன்று வேகம். பூரிக்கட்டை, பம்பரம், வட்டக் கிண்ணம் எல்லாம் கடைந்து கை பழகியபின், நாலு மூலையும் அப்படியே நிற்கிற சதுரக் கிண்ணம் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை வந்தது. நடுவில் வட்டக் குழி, அதைச் சுற்றி மெல்லிய சதுரத் தகடு, மூலைகள் லேசாக மேலே எழும்பி நிற்கும். அப்பத்தா வைத்திருந்த உப்பு மரவை (மரப் பாத்திரம்) வட்டம். நான் பார்த்த மரவை எல்லாமே வட்டம். சுற்றுகிற மரத்தில் உளியை வைத்தால் வட்டம்தானே வரும்? மூலையை விட்டுவைப்பது எப்படி என்பதுதான் விஷயமே.

துண்டுகளின் இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசி, கொட்டகைக்குள் நிழலில் அடுக்கினேன். ஞாயிறுதோறும் எடை. முதல் துண்டு 2 கிலோ 100 கிராமில் தொடங்கியது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்ததும் மளமளவென்று இறங்கியது. ஆடி கடைசியில் 1 கிலோ 460-இல் வந்து அசையாமல் நின்றது. மூன்று ஞாயிறு ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். காற்றைப் பற்றி இன்னொன்று: மரத்தைக் காய வைக்கிற அதே கச்சான்தான் உப்பைக் கொண்டுவந்து உளியில் பூசும். எண்ணெய்த் துணி சுற்றாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறம்.

எட்டு அங்குலச் சதுரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் லேத்தில் அச்சுக்கும் கீழ்ப் படுகைக்கும் நடுவே ஆறு அங்குலம். எட்டுச் சதுரத்தின் குறுக்குக் கோடு 11.3 அங்குலம், பாதி 5.65. மூலைக்கும் இரும்புக்கும் நடுவில் மூன்றில் ஒரு அங்குலம்தான் மிஞ்சும். சுற்றும், ஆனால் நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். ஏழு அங்குலமாகக் குறைத்தேன். மூலையிலிருந்து மூலைக்கு 9.9, தாராளமாக ஓர் அங்குல இடைவெளி.

வட்டக் கிண்ணத்தில் கட்டை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கடையக் கடையச் சரியாகிவிடும். சதுரத்தில் அந்தச் சலுகை கிடையாது. அடியும் மேலும் ஒன்றுக்கொன்று மட்டமாக இல்லாவிட்டால் ஒரு மூலை தடிப்பாகவும் எதிர்மூலை மெல்லிசாகவும் வரும். மையம் நூலளவு தள்ளினாலும் நாலு பக்கமும் நாலு விதமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதல் நாள் முழுக்க லேத்தைத் தொடவே இல்லை. இழைப்புளியும் மூலைமட்டமும்தான். குறுக்குக் கோடு இரண்டைப் போட்டு மையத்தில் ஆணியால் குத்தி அடையாளம் வைத்தேன். பின்னால் குழியாகப் போகிற இடத்தில் ஃபேஸ் பிளேட்டை (கட்டையை லேத்தில் மாட்டும் இரும்புத் தட்டு) நாலு திருகாணியில் பிடித்தேன். திருகாணி குழியின் ஆழத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணத்தின் தரையில் நாலு ஓட்டை.

மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, சுழலும் வட்டத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஸ்விட்சைப் போட்டேன்.

சுற்ற ஆரம்பித்ததும் சதுரம் காணாமல் போய்விட்டது. நடுவில் கெட்டியாக ஏழு அங்குல வட்டம் ஒன்று தெரிகிறது. அதற்கு வெளியே சீலைத் துணி மாதிரி ஒரு மங்கல், அதற்குப் பின்னால் இருக்கிற சுவர் தெரிகிறது. அந்த மங்கல்தான் மூலைகள். இருக்கிறதும் இல்லாததுமாக நாலு மூலையும் மாறி மாறி வந்து போகின்றன. கண் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்கிறது. 1100 வேகத்தில் அந்த மூலை போகிற வேகம் மணிக்கு 52 கிலோமீட்டர். ராமநாதபுரம் சாலையில் பஸ் போகிற வேகம், கூர்மையான மூலையோடு.

இதெல்லாம் தெரிந்தும்தான் விரலைக் கொடுத்தேன். 600-இல் சுற்றிக்கொண்டிருந்தது, உளி தாங்கி கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது, அதை இறுக்க இடது கையைக் கொண்டுபோனேன். தாங்கிக்கு அந்தப் பக்கம் மோதிர விரல் ஓர் அங்குலம் நீண்டுவிட்டது. ஒரே ஒரு ‘டக்’. வலி வர இரண்டு நொடி ஆனது. நகம் அன்று சாயங்காலம் நாவல்பழ நிறம், இன்று வரை பாதி கறுப்பு. லேத்தை நிறுத்தாமல் தாங்கியைத் தொட்டது முழுக்க என் தப்பு. அன்றைக்கே தாங்கியின் மேல்விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினேன். விரல் அந்தக் கோட்டைத் தாண்டாது. லேத்துக்குப் பின்னால் பழைய கறுப்புக் குடைத் துணியைத் தொங்கவிட்டு, விளக்கை மேலிருந்து மூலைமேல் விழுமாறு வைத்தேன். பூவரசின் வெளிறு வெள்ளை என்பதால் மூலைகள் கறுப்புத் துணிக்கு முன்னால் புகை வளையம் மாதிரி பளிச்சென்று தெரிந்தன. இந்த ஒரு வேலையை முதலிலேயே செய்திருந்தால் நகம் தப்பியிருக்கும்.

இனி கடைசல். சாதாரணக் கிண்ணத்தில் உளியின் சரிவான முதுகு மரத்தின்மேல் சாய்ந்துகொண்டே போகும். மரமே உளியைத் தாங்கும். மூலையில் பாதி நேரம் காற்று. சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை. உளியை அழுத்தினால், மரம் இல்லாத இடைவெளியில் அது முன்னால் விழும், அடுத்த மூலை வந்து அதை அடிக்கும். ஆகவே கைப்பிடியை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, அழுத்தாமல், உடம்பையே மெல்ல நகர்த்தி உளியைக் கொண்டுபோக வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கவே கூடாது. வேகம் கூடினால் வெட்டு சுத்தமாக வரும், ஏனென்றால் மூலைக்கும் மூலைக்கும் நடுவே காற்று நிற்கிற நேரம் குறைகிறது. மெதுவாகச் சுற்றினால் பாதுகாப்பு என்று நினைத்து 600-இலேயே இழுத்தேன். விளிம்பெல்லாம் பல் பல்லாகப் பிய்ந்தது. 1100-க்கு மாற்றியதும் அடங்கியது. 1800-ஐ நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

கண்ணைவிடக் காது உதவியது. உளி முதலில் மூலைநுனியைத் தொடும்போது ‘டப டப டப’ என்று தனித்தனியாகக் கேட்கும். உள்ளே வர வர அடிகள் நெருங்கி ‘டர்ர்ர்’ என்று ஆகும். கெட்டி வட்டத்துக்குள் நுழைந்த நொடி அது ‘உஸ்ஸ்’ என்று மாறி, சுருள் சுருளாகச் செத்தை பறக்க ஆரம்பிக்கும். அதுவரை வருவது சுருள் அல்ல, வெறும் துணுக்கு. அந்த ‘உஸ்’ கேட்கும் வரை மூச்சை அடக்கி நின்றிருக்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் தெரியும்.

எப்போதும் வெளிவிளிம்பிலிருந்து உள்ளே வந்தேன். உள்ளிருந்து வெளியே போனால் கடைசியில் விளிம்பு நார் பிளந்துகொண்டு போய்விடுகிறது. அப்படி வந்தும், சுற்றும்போது உளியை விட்டு விலகுகிற பக்கத்து விளிம்பில் சின்னச் சின்னச் சிலாம்பு எழும்பியது. அந்த விளிம்புகளில் ஃபெவிக்விக்கை ஓடவிட்டுக் காய வைத்ததும் நின்றது. அடிப்பக்கம் முடித்து, இரண்டு அங்குல அகலத்தில் கால் ஒன்று விட்டு, திருப்பி அந்தக் காலை லேத்தின் பிடியான சக்கில் பிடித்து மேல்பக்கம். முதல் கிண்ணத்தில் தகடு 9 மில்லிமீட்டர் தடிப்பு, பாதுகாப்பாக விட்டேன். கிண்ணம் வந்தது. பார்க்க அஞ்சறைப் பெட்டி மூடி மாதிரி. வீட்டில் சாவி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கட்டையில் தகட்டை 5 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். மேல்பக்கத்தில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் முழுசாக முடித்துவிட்டு, அப்புறம் அடுத்த அரை அங்குலம் என்று உள்ளே வந்தேன். நடுக்கட்டை கெட்டியாக நிற்கும் வரைதான் தகட்டுக்குப் பிடிமானம். உள்ளே வந்துவிட்டால் வெளியே திரும்பிப் போகக் கூடாது. மெலிந்த மூலை அதற்குள் துடிக்க ஆரம்பித்திருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், விளிம்போரம் ஒரு சின்ன மேடு கண்ணை உறுத்தியது. ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிடலாம் என்று போனேன். மூலை உளியை நோக்கி வளைந்து வந்து கடித்தது. கொட்டகைத் தகரத்தில் படீரென்று ஒரு சத்தம். முகக் கவசம் போட்டிருந்தேன், ஒதுங்கியும் நின்றிருந்தேன். அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு மூலை, கத்தியால் அறுத்த மாதிரி நேராகப் பிளந்து போயிருந்தது.

அந்தத் துண்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஓடாவி மாமா வந்தார். படகு கட்டுகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது, கரையேறிய படகெல்லாம் அவர் கையில்தான் இருக்கும். அது முடிந்தபின் வேலை கொஞ்சம் இளகும், டீ குடிக்க இந்தப் பக்கம் வருவார். கிண்ணத்தையும் துண்டையும் சேர்த்துப் பார்த்தார். உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“இதுல உளியைக் குத்தஞ் சொல்லாத மாப்ள. மரம் நேரா ஓடியிருக்கு. நீ மூலையை மேல வளைச்சிருக்க. ஓட்டம் ஒரு பக்கம், வளைவு ஒரு பக்கம். ஒடியாம என்ன செய்யும்?”

“அப்ப எப்படி மாமா?”

“வள்ளத்துக்கு வங்கு எதுல எடுக்குறோம்? நேர் பலகையில வளைச்சு அறுத்தா முதல் அலையில போயிரும். வளைஞ்ச கொம்பாப் பாத்து எடுக்கணும். மரம் தானா வளைஞ்சிருக்கணும்.”

வங்கு என்பது படகின் விலா எலும்பு. உடைந்த மூலையைத் திரும்பப் பார்த்தேன். நார்கள் விளிம்பில் வந்து குட்டைக் குட்டையாக முடிந்திருந்தன. 5 மில்லிமீட்டரில் அரை விரல்கடை நீளத்து நாரை வைத்துக்கொண்டு நான் மூலையைத் தூக்கியிருக்கிறேன். இரண்டு நாளாக உளி தீட்டுகிற கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

வளைந்த மரத்துக்கு இந்த மாவட்டத்தில் எங்கே போக? சிரிப்புதான் வந்தது. சீமைக்கருவேலத்தில் நேராக ஒரு கொம்பைக் கண்டுபிடித்தால்தான் அதிசயம். எல்லாரும் திட்டுகிற மரம், கரிமூட்டத்துக்குப் போகிற மரம். ஆனால் கடைசலுக்கு அது நல்ல ஜாதி: கெட்டி, காயும்போது சுருக்கமும் முறுக்கமும் குறைவு, வெட்டிய புதிதில் மஞ்சள் கலந்த பழுப்பு, வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்து கறுக்கும். கரிமூட்டத்துக்கு ஏற்றி வைத்திருந்த லோடில், தொடை கனத்தில் வில் மாதிரி வளைந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கினேன். போன வருடம் வெட்டியது, ஏற்கெனவே காய்ந்திருந்தது. கொடுத்தவர் காசு வாங்கவில்லை, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மையத்தில் இருக்கிற சோற்றையும் (மரத்தின் மென்மையான நடுப்பகுதி) வண்டு துளைத்திருந்த வெளிறையும் தள்ளி, 10 அங்குல நீளம், நாலரை அகலம், மூன்று கனத்துக்கு அறுத்தேன். பக்கவாட்டில் பார்த்தால் ரேகை பரிசல் மாதிரி நடுவில் தாழ்ந்து இரண்டு முனையிலும் எழும்பியது. நாலு மூலை வேண்டாம், இரண்டு செட்டை (சிறகு) போதும் என்று அதுவே முடிவு செய்துவிட்டது.

நீளக் கட்டையை அப்படியே சுற்றினால் மங்கல் பகுதி சதுரத்தைவிட மிக அதிகம்; சுற்றில் பெரும்பகுதி காற்று. இங்கே வீரம் காட்ட எனக்கு மனமில்லை. இரண்டு பக்கமும் மாம்பலகைத் துண்டுகளை ஒட்டி, பத்து அங்குல வட்டமாக அறுத்துக்கொண்டேன். உளிக்கு இனி காற்றே தட்டாது. கடைந்து முடித்தபின் ஒட்டுத் துண்டை எடுத்துவிட்டால் செட்டை மட்டும் நிற்கும். ஒட்டுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து ஒட்டினால் பிறகு உளியால் தட்டிப் பிரிக்கலாம், அதுதான் சுத்தம் என்பார்கள். சுற்றும்போதே பிரிந்தால்? நான் தாள் வைக்கவில்லை. ஃபெவிகால் பூசி ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் இறுக்கி வைத்தேன். பிறகு ரம்பத்தால் அறுத்து இழைத்ததில் அரை மணி நேரம் கூடுதல், அதனால் என்ன.

கடைவது சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சீமைக்கருவேலம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உளியைத் தீட்டச் சொல்லும். தூசு மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்கத் தும்மல். முகக் கவசத்துக்குள் மாஸ்க்கும் போட்டேன். சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் முனகும், உளி பட்டதும் பெல்ட் வழுக்கும். காலை ஆறு முதல் எட்டு வரைதான் வேலை. அடிப்பக்கம் ஒரு காலை, மேல்பக்கம் இரண்டு காலை. ரேகையின் வளைவை விளிம்பில் மார்க்கரால் வரைந்து வைத்திருந்தேன்; உளி அந்த வளைவைத்தான் பின்பற்றியது, என் மனதில் இருந்த வளைவை அல்ல. ஒட்டுத் துண்டு இருப்பதில் ஒரு தொல்லை உண்டு: மங்கல் இல்லாததால் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று சுற்றும்போது தெரியாது. சதுரத்தில் அந்தப் புகை வளையத்தின் தடிப்பே அளவு சொல்லும். இங்கே நிறுத்தி நிறுத்திக் காலிபர் வைத்துப் பார்த்தேன். 4 மில்லிமீட்டரில் நிறுத்தினேன்.

ஒட்டுத் துண்டுகளை அறுத்து எடுத்ததும் செட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அழுத்தினேன். வளைந்தது, விட்டதும் எழும்பியது. பூவரசு மூலையில் இந்தத் தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

உப்புத்தாள் வேலையில் அவசரம் கூடாது. நடுக்குழியை மட்டும் லேத்தில் சுற்றவிட்டுத் தேய்த்தேன். செட்டையையும் மூலையையும் சுற்றும்போது கையால் தேய்க்க நினைப்பதே பைத்தியக்காரத்தனம். நிறுத்தி, மரக்கட்டையில் தாளைச் சுற்றி, 120 தொடங்கி 400 வரை. இரண்டு ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே முடிந்தது. எண்ணெய்க்கு மாமாவிடம் கேட்டால் படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைச் சொன்னார். வீடு முழுக்க சுறா வாசம் அடிக்கும் என்று வீட்டில் ஒரே மறுப்பு. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும், நாளானால் சிக்கு வாசம் வரும். ஆளி விதை எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நாலு நாள் இடைவெளி, மேலே தேன்மெழுகு. எண்ணெய் பட்டதும் பழுப்புக்குள்ளிருந்து சிவப்பு எழுந்து வந்தது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், ஆளி விதை எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டேன்.

மாமா வந்தபோது அதைத் திண்ணையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. குனிந்து, தரைமட்டத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், படகின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, பார்க்கிற மாதிரி. இரண்டு செட்டையும் ஒரே உயரம்தானா என்று விரலை வைத்து அளந்தார். இடது பக்கம் ஒரு நூல் தாழ்வு. நான் சொல்லாமல் விட்டதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“திருக்கை மாதிரியே இருக்கு மாப்ள,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “வாலு எங்க?”

மூன்றாவது, நாலாவது பூவரசுத் துண்டுகள் இன்னும் அடுக்கில் இருக்கின்றன. அவற்றில் தட்டையான சதுரம்தான், மூலையைத் தூக்கப் போவதில்லை. கரிமூட்டக்காரரிடம் கவையாகப் பிரிகிற ஒரு கொம்பு சொல்லி வைத்திருக்கிறேன். பச்சையாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை எடை நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது.